1,331 என்பது சாப்பாட்டு அளவு அல்ல

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 154 சென்ரிமீற்றர், எடை 72 கிலோ. தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடங்களாக ஹட்டனில் ஒரு துணிக்கடையில் காசாளராக இருக்கிறேன். டவுனில் ஒருவர் என்னை மின்தராசில் ஏற்றிப் பார்த்து, "அடிப்படை வளர்சிதை வேகம் 1,331 கலோரி, உடல் வயது 53, மெட்டபாலிசம் மந்தமாகிவிட்டது" என்றார். ஒரு நாளைக்கு 800 கலோரிக்கு மேல் போகாமல், இரண்டு வேளை அவர் தரும் மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டுமாம். ஒரு டின்னுக்கே என் சம்பளத்தில் கால்வாசி போய்விடும். வாங்கலாமா? சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கும் என் அம்மாவும் என்னோடு சேர்ந்து சாப்பாட்டைக் குறைக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி.

அந்த 1,331 சரியான கணக்குத்தான். ஆனால் அதைத் தராசு உங்கள் உடலுக்குள் பார்த்துச் சொல்லவில்லை. எடையைப் பத்தால் பெருக்கினால் 720. உயரத்தை 6.25ஆல் பெருக்கினால் 962. இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கி வரும் 190ஐயும், பெண்களுக்கென்று இன்னுமொரு 161ஐயும் கழித்தால் மிச்சம் 1,331. இது 1990இல் அமெரிக்காவில் வெளியான சூத்திரம். நூறு, இருநூறு கலோரி முன்பின்னாக இருக்கலாம். உண்மையில் அளப்பதென்றால் காலையில் வெறும் வயிற்றில் படுக்கவைத்து, மூச்சில் எவ்வளவு ஒட்சிசன் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். பாதத்தின் வழியாக மெல்லிய மின்சாரம் விடும் தராசு அதைச் செய்வதில்லை. பாதம் ஈரமாக இருந்தாலே அதன் கொழுப்புக் கணக்கு மாறிவிடும். "உடல் வயது 53" என்பது உங்களைப் பயமுறுத்துவதற்கான எண். கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால் அந்த இடத்திலேயே நியாயம் கேட்டிருப்பீர்கள். இந்தத் தராசிடமும் அதையே கேளுங்கள்.

ஒரு நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், நுரையீரல், ஈரல், மூளை ஆகியவை தம் வேலைக்குச் செலவழிப்பதுதான் அந்த 1,331. நீங்கள் படுத்திருக்கவில்லை. உட்கார்ந்த வேலை மட்டும் என்றால் 1.2ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 1,600 வரும். கொஞ்சம் நடமாட்டம் இருந்தால் 1.375ஆல், ஏறக்குறைய 1,830. பஸ்ஸை விட்டு இறங்கி லயத்து வீட்டுக்கு ஏறும் அந்த ஏற்றத்தையும் சேர்த்து, உங்களுக்கு 1,700 என்று வைத்துக்கொள்வோம். அதில் 250 குறைத்து 1,450இல் நில்லுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால் மாதம் ஒரு கிலோ அளவில் இறங்கும். இறங்க இறங்க வேகம் குறையும். உடல் சிறிதானால் அதன் செலவும் சிறிதாகும்.

மெட்டபாலிசம் மந்தமா? நான்கு வயது கூடியதற்கு அந்தச் சூத்திரம் கழிப்பது வெறும் 20 கலோரி, ஒரு தேக்கரண்டிச் சீனி. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிடாய்க் குழப்பம் இருந்தால் தைரொயிட் பரிசோதனை செய்து பாருங்கள். மற்றபடி மாறியது உங்கள் வேலை. கூடையைச் சுமந்து காலை முதல் மாலை வரை மலையில் ஏறி இறங்கிய உடம்புக்குச் செய்த ரொட்டியே, நாற்காலியில் உட்காரும் உடம்புக்கும் அதே கனத்தில் தட்டப்படுகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெண் தன் வீட்டு ரொட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு ரொட்டிக்கு எவ்வளவு மா எடுப்பார் என்று கையால் அள்ளிக் காட்டச் சொல்லி நிறுத்தோம். நூறு கிராம். கோதுமை மா 350 கலோரி, தேங்காய்ப்பூவுக்கு 70. சம்பல் தொடுவதற்கு முன்பே ஒரு ரொட்டி 420. அவர் சாப்பிட்டது இரண்டு.

நீங்கள் எழுதி அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலில் தேத்தண்ணீரே இல்லை. அது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. இரண்டு கரண்டிச் சீனி 40, பால்மா 50. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 540. சீனியைப் பாதியாக்கினாலே 120 போகும். ரொட்டியை முக்கால் அளவுக்குத் தட்டினால் இன்னொரு நூறு. பருப்பையும் முட்டையையும் குறைக்காதீர்கள். போஞ்சி, கோவா, லீக்ஸ் நம் மலையிலேயே விளைகின்றன, தட்டில் பாதி அவையாக இருக்கட்டும். ஒரு கிளினிக்கில் தோட்டத்துப் பெண்களுக்குக் கொடுத்த தாளைப் பார்த்தேன். ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், அப்பிள் என்று இருந்தது, அதுவும் அவர்களால் வாசிக்க முடியாத மொழியில். நம் ரொட்டிக்கும் சம்பலுக்கும் ஒரு பக்கம் எழுதித் தர யாருக்கும் நேரமில்லை. டின்காரர்கள் அந்த வெற்றிடத்தில்தான் கடை விரிக்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் 800 கலோரி, வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டும் செய்யக்கூடியது. முதல் வாரம் இரண்டு மூன்று கிலோ இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்த வாரத்தில்தான் உங்களைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். பிறகு தலைமுடி உதிரும், படி ஏறக் கால் வராது, தசை கரையும். சோற்றுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பும். "நீங்கள் ஒழுங்காகக் குடிக்கவில்லை" என்று அடுத்த டின்னை நீட்டுவார்கள், உங்களையே ஆள் பிடிக்கவும் சொல்வார்கள். கூடவே "மூலிகை" என்று பெயர் ஒட்டாத குளிசை தந்தால் தொடவே வேண்டாம். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகள் சந்தையிலிருந்து அகற்றிய சிபுட்ரமின் என்ற மருந்து, இப்படிப்பட்ட மெலிவுக் குளிசைகளில் ஒளித்துக் கலக்கப்பட்டதைச் சோதனைகள் பலமுறை பிடித்திருக்கின்றன.

அம்மாவின் விடயத்தில் அவசரப்படாதீர்கள். குளிசை உறையில் என்ன பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மெற்போமின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்றவையோ இன்சுலினோ என்றால், சாப்பாடு குறைந்தாலும் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், இரத்தத்தில் சீனி அபாய அளவுக்கு விழும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஆகவே சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போய், "சாப்பாட்டைக் குறைக்கப் போகிறோம், குளிசையையும் குறைக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். வரிசை நீளம், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிடத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள். பதில் வரும்வரை அம்மாவின் தட்டில் கைவைக்க வேண்டாம்.