கப்பலில் பேசும் ஆங்கிலம் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது நவி மும்பையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜிபி ரேட்டிங் (அதிகாரி அல்லாத கப்பல் பணியாளர் வேலைக்கான பயிற்சி) படிக்கிறேன். உங்கள் அப்பா கப்பலில் சுக்கானியாக இருந்தவர் என்றும், நீங்கள் மாலுமிகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் என்றும் உங்கள் தளத்தில் படித்தேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஆங்கிலம் வராது. வகுப்பில் எழுந்து பேசினால் சிரிக்கிறார்கள். நான் 'ஷிப்' என்பதை 'சிப்' என்று சொல்வதை ஆசிரியரே ஒருமுறை நடித்துக் காட்டினார். பாதிப் பாடத்தை அவர் இந்தியில்தான் விளக்குகிறார், அதுவும் எனக்குப் புரிவதில்லை. புரியாவிட்டாலும் 'யெஸ் சார்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வாஷியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 3 மாதத்துக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? எந்த இலக்கணப் புத்தகம் வாங்கலாம்? இன்னொரு சந்தேகம்: எத்தனையோ நாட்டுக்காரர்கள் வேலை செய்யும் கடலில் ஆங்கிலேயரின் மொழியை மட்டும் ஏன் எல்லோரும் பேச வேண்டும்? இது அடிமைத்தனம் இல்லையா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். புரியாவிட்டாலும் 'யெஸ் சார்' சொல்லிவிடுகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் வகுப்பை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, ஆனாலும் இந்த 'யெஸ் சார்' காதை விட்டுப் போகவில்லை. கொஞ்ச நாளாக அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

அடிமைத்தனம் பற்றி அதிகம் பேச எனக்குப் பொறுமை இல்லை. பாய்மரக் காலத்தில் நம் ஆட்கள் லஸ்கர்களாக, அதாவது கூலி மாலுமிகளாகப் போன கப்பல்களில் இந்துஸ்தானியும் போர்ச்சுகீசும் இன்னும் பலதும் கலந்த ஒரு பேச்சு இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் ஆங்கிலம் இருக்கிறது. கப்பல்களுக்கு அதிகம் ஆள் தருகிற நாடுகள் பிலிப்பைன்ஸ், ரஷ்யா, இந்தோனேசியா, சீனா, இந்தியா. இதில் எந்த நாட்டுக்காரனுக்கு ஆங்கிலம் வீட்டுமொழி? கடலில் அது யார் சொத்தும் இல்லை. இதற்கு மேல் உங்களுக்கு விவாதிக்க ஆசை இருந்தால் முதல் காண்ட்ராக்ட்டை முடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

உச்சரிப்புக்கும் அவ்வளவு கவலை வேண்டாம். ஜப்பானியர் ஒரு மாதிரி, கிரேக்கர் ஒரு மாதிரி, உக்ரைன்காரர் ஒரு மாதிரிதான் பேசுவார்கள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னால் எல்லோருக்கும் எல்லாம் புரியும். உங்களை நடித்துக் காட்டிய ஆசிரியர்மேல்தான் எனக்குக் கோபம். ஒரு பையனின் நாக்கைக் கேலி செய்தால், அவனோடு சேர்ந்து பின்பெஞ்சில் இருக்கும் இருபது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். மூடிய வாயோடு அவர்கள் கப்பலேறுவார்கள். அந்த ஆசிரியருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வேலைக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? மாலுமிகளின் பயிற்சிக்கான எஸ்டிசிடபிள்யூ ஒப்பந்தம் 1978இல் வந்தது, 1995லும் 2010லும் திருத்தினார்கள். பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் நிற்கும் ரேட்டிங்குக்கு அது முதலில் கேட்பது, கப்பலைச் சுக்கான் பிடித்து ஓட்டத் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் வரும் சுக்கான் உத்தரவுகளுக்கும் கீழ்ப்படியத் தெரிய வேண்டும் என்பதுதான். கட்டுரை எழுதச் சொல்லவில்லை, இறந்தகால வினைமுற்றைக் கேட்கவில்லை. அதிகாரிகளிடம்தான் நிறையக் கேட்கிறது. 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு நிர்ணயித்த எஸ்எம்சிபி என்ற கடல் பேச்சுக்கான நிலையான வாக்கியங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பயன்படுத்தவும் வரவேண்டும்.

சுக்கான் உத்தரவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அதிகாரி 'போர்ட் டென்' என்கிறார். நீங்கள் கை வைப்பதற்கு முன்னாலேயே 'போர்ட் டென்' என்று திருப்பிச் சொல்கிறீர்கள். பிறகு சக்கரத்தைத் திருப்புகிறீர்கள். எதிரே இருக்கும் காட்டியில் முள் இடது பக்கம் பத்தில் வந்து நிற்கிறது. அப்போது 'வீல் இஸ் போர்ட் டென்' என்று மறுபடியும் சொல்கிறீர்கள். திசை சொல்லும்போதும் அப்படித்தான். 'எய்ட்டி டூ' என்று யாரும் சொல்லக் கூடாது, 'ஸீரோ எய்ட் டூ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். நீங்களும் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்வீர்கள், கப்பல் அந்தத் திசைக்கு வந்து நின்றதும் 'ஸ்டெடி ஆன் ஸீரோ எய்ட் டூ' என்பீர்கள். ஒரே விஷயம் இத்தனை தடவை வாய்விட்டு வருகிறது. வெறும் 'யெஸ் சார்' என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தமா, புரிந்தது என்று அர்த்தமா, செய்துவிட்டேன் என்று அர்த்தமா? பிரிட்ஜில் இருக்கிற யாருக்கும் தெரியாது. அதனால்தான் எஸ்எம்சிபியில் 'ரேடார் ஓடுகிறதா' என்று கேட்டால் 'யெஸ்' மட்டும் போதாது, 'யெஸ், ரேடார் இஸ் இன் ஆபரேஷன்' என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பதில் சரியாகக் கேட்கவில்லையா, 'சே அகெய்ன்'. மறுபடியும் கேட்கவில்லையா, மறுபடியும் 'சே அகெய்ன்'. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அதுவே விதி.

இந்த ஒன்றைத்தான் தம்பி, நம் பள்ளிக்கூடங்கள் பன்னிரண்டு வருடம் அடித்து அடித்து மறக்க வைக்கின்றன. மறுபடியும் கேட்டால் 'எங்கே கவனம் வைத்திருந்தாய்' என்று பதில் வரும். கேட்காமல் தலையாட்டியவன் நல்ல பையன். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அதுதான், நான் படித்த மும்பை சயான் பக்கத்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலும் அதுதான். நீங்கள் இப்போது இருக்கும் பயிற்சி நிலையத்தில் வெள்ளைச் சீருடையும் சல்யூட்டும் சேர்ந்து அதை இன்னும் இறுக்குகின்றன. ஒழுக்கம் வேண்டும்தான். ஆனால் புரியாத உத்தரவுக்குச் சரி என்று சொல்வது ஒழுக்கமா? நாளைக்குச் சுக்கானுக்கு முன்னால் நின்று அப்படிச் சொன்னீர்கள் என்றால், கப்பல் எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்கும் தெரியாது, கேப்டனுக்கும் தெரியாது.

2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். கேப்டன் இத்தாலியர், சுக்கானி இந்தோனேசியர், உத்தரவுகள் ஆங்கிலத்தில். சில உத்தரவுகளைச் சுக்கானி தவறாகப் புரிந்துகொண்டார். ஆனால் தீவை ஒட்டிக் கப்பலைக் கொண்டுபோனது கேப்டன். சுக்கானியின் தாமதம் இல்லாவிட்டாலும் மோதியிருக்கும் என்று நீதிமன்றம் நியமித்த நிபுணர்களே சொன்னார்கள். அப்படியும் கேப்டன் விசாரணையில் சுக்கானியைக் கைகாட்டினார். பழி எப்போதும் ரேட்டிங் பக்கம்தான் முதலில் சாயும். உங்களுக்கு இது இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னால், 2007 நவம்பர் 7இல், சான் பிரான்சிஸ்கோவில் காஸ்கோ பூசன் என்ற சரக்குக் கப்பல் பனிமூட்டத்தில் பாலத்துத் தூணில் உரசிச் சுமார் 2 லட்சம் லிட்டர் எண்ணெயைக் கடலில் கொட்டியது. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் பைலட் அமெரிக்கர், ஆங்கிலம் தாய்மொழி. கேப்டன் சீனர். பைலட் உட்கொண்ட மருந்துகளால் அவர் கணிப்புத் திறன் குறைந்திருந்தது என்று விசாரணை சொன்னது, அதுதான் பெரிய காரணம். கூடவே இன்னொன்றையும் சொன்னது: புறப்படும் முன் இருவரும் பயணத் திட்டத்தை முழுமையாகப் பேசிக்கொள்ளவில்லை, வழியிலும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எலக்ட்ரானிக் சார்ட்டில், அதாவது திரையில் தெரியும் கடல் வரைபடத்தில், இருந்த சிவப்பு முக்கோணங்கள் என்ன என்று பைலட் கேட்கிறார். கேப்டன் ஏதோ சொல்கிறார். இருவரும் ஒன்றையே நினைத்துத்தான் பேசுகிறார்களா என்று யாரும் உறுதி செய்துகொள்ளவில்லை. அங்கே ஆங்கிலம் தெரியாமல் போனவர் ஒருவர் இல்லை, இருவர். சரளமாகப் பேசியவருக்கும் கடல் ஆங்கிலம் வரவில்லை.

நான் பாடம் நடத்திய இடத்தில் ஒரு பயிற்சி வைப்போம். அதிகாரியாகப் பயிற்சி பெறும் ஒரு கேடட்டை வாக்கி-டாக்கியோடு தாழ்வாரத்தில் நிறுத்துவோம். ரேட்டிங் பையன் ஒருவன் மும்பைத் துறைமுகச் சார்ட்டோடு உள்ளே உட்காருவான். வெளியில் இருப்பவன் சொல்கிற இடத்தை இவன் பென்சிலால் குறிக்க வேண்டும். ஒருநாள் வெளியே இருந்தவன் கான்வென்ட்டில் படித்த பையன், மழை மாதிரிப் பேசுவான். உள்ளே இருந்தவன் ராமநாதபுரத்துக்காரன். 'சே அகெய்ன் லாட்டிட்யூட்' என்றான். மறுபடியும் 'சே அகெய்ன் லாட்டிட்யூட்'. கேடட்டுக்கு எரிச்சல் தாங்கவில்லை, வகுப்புக்குள் வந்து 'மேடம், அவனுக்கு இங்கிலீஷே புரியவில்லை' என்றான். மும்பை அட்சரேகை 18 டிகிரி வடக்கு, தீர்க்கரேகை 72 டிகிரி கிழக்கு. அவசரத்தில் அவன் 72 வடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். 72 வடக்கு என்றால் ஆர்க்டிக். அந்தச் சார்ட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உள்ளே இருந்தவனுக்கு அது உடனே தெரிந்துவிட்டது, ஆனால் தப்பு என்று சொல்லும் தைரியம் இல்லை. கற்றுக்கொடுத்த இரண்டு சொல்லை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

என் அப்பாவுக்கு ஆங்கிலச் செய்தித்தாள் படிக்க வராது. சுக்கான் உத்தரவுகள், கப்பலில் உள்ள பொருட்களின் பெயர்கள், எண்கள், இவ்வளவுதான் அவர் ஆங்கிலம். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை ஏறி, இங்கே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். இளவயது டாக்டர். அப்பாவின் வேட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தார், ஆங்கிலத்தில், அடுத்த நோயாளி காத்திருக்கிற வேகத்தில். இன்சுலின் ஃபிஃப்டீன் யூனிட் காலையில் என்று சொல்லிக்கொண்டே போனார். அப்பா கட்டிலில் இருந்து கையைத் தூக்கினார். 'சே அகெய்ன், டாக்டர். ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?' டாக்டர் அப்போதுதான் முதல்முறையாக அப்பா பக்கம் திரும்பினார். 'ஒன் ஃபைவ்' என்றார். அப்பா 'ஒன் ஃபைவ் யூனிட்ஸ், பிஃபோர் பிரேக்ஃபாஸ்ட்' என்று திருப்பிச் சொல்லி, டாக்டர் தலையசைக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு மனிதனின் உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கப்பலில் அப்படித்தான் பழகியிருந்தார்.

இந்தி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பழைய வருத்தம். மும்பைப் பக்கத்துப் பயிற்சி நிலையங்களில் ஆங்கிலப் பாடத்தை இந்தியில் நடத்துவது சகஜமாகிவிட்டது. தெற்கேயிருந்து வரும் பையன் இந்தியைத் தாண்டித்தான் ஆங்கிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நீங்கள் ஆங்கிலத்தில் பின்தங்கியிருப்பதாக நினைக்கிறீர்கள். பாதி நேரம் உங்களுக்குப் புரியாமல் போவது இந்திதான். எழுந்து நின்று 'இன் இங்கிலீஷ் ப்ளீஸ், சார்' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதற்கும் சிரித்தால் சிரிக்கட்டும். சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்த விதிகளே, வேறு பொதுமொழி இல்லாத இடத்தில் பிரிட்ஜுக்கும் கரைக்கும், கப்பலுக்கும் கப்பலுக்கும் நடுவே ஆங்கிலம்தான் என்று சொல்கின்றன. இந்தியில் மட்டும் பழகிய பையன் டெக் ஆட்களுக்குத் தலைவனான பிலிப்பைன்ஸ் போசனிடம் போய் என்ன செய்வான்?

25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அந்த வகுப்பில் நேர்முகத் தேர்வுக்குத் தன்னைப் பற்றி நாலு வரி சொல்லக் கற்றுத் தருவார்கள், சுக்கானைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? இலக்கணப் புத்தகமும் இப்போதைக்கு வேண்டாம். எஸ்எம்சிபியில் சுக்கான் உத்தரவு, நங்கூரம், கயிறு கட்டுதல், தீ, ஆள் கடலில் விழுதல், இந்தப் பகுதிகளை மட்டும் எடுங்கள். ராத்திரி ஹாஸ்டலில் ஒருவர் உத்தரவு சொல்ல, ஒருவர் திருப்பிச் சொல்ல, முகம் பார்க்காமல் முதுகு காட்டி உட்கார்ந்து பழகுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள், கடலில் இதைவிடச் சத்தம் இருக்கும். இடையில் வேண்டுமென்றே ஒரு எண்ணை விழுங்கச் சொல்லுங்கள். 'சே அகெய்ன்' சொல்லாதவன் அன்றைக்குத் தட்டு கழுவட்டும்.

படிப்பு முடிந்து பெலாப்பூரிலும் வாஷியிலும் ஏஜென்ட் ஆபீஸ்களுக்கு அலைவீர்கள். அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங் தரும், மாலுமிகளை வேலைக்கு எடுப்பதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் உள்ள கம்பெனியா என்று முதலில் பாருங்கள். வேலைக்குப் பணம் கேட்டால், அதுவே சட்டப்படி குற்றம். ஒப்பந்தத் தாளை நீட்டும்போது எந்தக் கப்பல், எத்தனை மாதம், எத்தனை டாலர் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, எதிரில் இருப்பவனை ஆமாம் சொல்ல வையுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், கையெழுத்தைப் போடு' என்று அவசரப்படுத்தினால், தாளை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அங்கேயும் 'யெஸ் சார்' சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்