கோயம்புத்தூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

உங்கள் அம்மா முதல் முறையாகத் தனியாகப் போகிறார் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மாவை இதே ஊருக்கு அனுப்பி வைத்தேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நேர்த்தூரம் சுமார் 14,200 கிலோமீட்டர். என் மகனுடைய உலக உருண்டையில் கோவைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். கிழக்கே கடல் மேல் போகும் என்று நினைத்தால், நூல் வடக்கே ஏறி, சீனா, சைபீரியா வழியாக அலாஸ்காவைத் தொட்டு இறங்குகிறது! 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த முதல் நேரடி விமானம் வட துருவத்தின் மேலேயே பறந்து, ஏறக்குறைய 17 மணி நேரத்தில் இறங்கியது.

கோவையிலிருந்து அப்படி நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். என் அம்மா சிங்கப்பூர் வழியாகப் போனார். கோவை–சிங்கப்பூர் 3,160 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து இன்னொரு 13,600 கிலோமீட்டர், பதினைந்து மணி நேரம். ஆக, பறப்பது மட்டும் இருபது மணி நேரத்தை நெருங்கும்.

ஆனால் வயதானவர்களுக்கு வீட்டு வாசலிலிருந்துதான் கணக்குப் போட வேண்டும். எங்கள் பெருந்துறையிலிருந்து அவினாசி ரோட்டில் பீளமேடு விமான நிலையம் போக ஒன்றேகால் மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாகவே உள்ளே அனுப்பிவிட்டேன். சிங்கப்பூரில் ஆறு மணி நேரக் காத்திருப்பு. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, சான் ஹோசே பக்கம் இருக்கும் தம்பி வீட்டுக் கதவைத் தட்டும்போது 33 மணி நேரம் ஆகியிருந்தது.

காத்திருப்பைக் குறைக்கிறேன் என்று இரண்டு மணி நேர இடைவெளியில் டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் உங்கள் அம்மா தவித்துப் போவார். ஐந்து முதல் ஏழு மணி நேரம் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டு, காலை நீட்டி உட்காரலாம். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கட்டும், பெட்டியை இடையில் எடுத்துப் போடும் வேலை இருக்காது. நன்றாக நடப்பவர் என்றாலும் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். எங்கே திரும்புவது, எந்த கேட் என்று ஆங்கிலத்தில் விசாரிக்கும் பயமே என் அம்மாவுக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூரில் காலை ஒன்பதே காலுக்கு ஏறினால், குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதியில் காலை எட்டு மணி சுமாருக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். "ஏஞ் சாமி, ஏறுன நேரத்துக்கு முன்னாடியே எப்படி எறங்குறது?" என்று அம்மா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் பசிபிக் கடலில் சர்வதேச தேதிக்கோட்டைத் தாண்டும்போது தேதி ஒரு நாள் பின்னுக்குப் போவதால் அப்படி. கைக்கடிகாரத்தை நம்ம ஊர் நேரத்திலேயே விட்டுவிடச் சொன்னேன். சர்க்கரை மாத்திரையை எந்தெந்த நேரம் போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு, நம்ம ஊர் மணியிலேயே ஒரு சீட்டில் எழுதி கைப்பையில் வைத்தேன். உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், பின்பக்கம் அங்கே கூப்பிட வருபவரின் போன் நம்பரோடு.

திரும்பும்போது எதிர்க்காற்று. சான் பிரான்சிஸ்கோ–சிங்கப்பூர் மட்டும் பதினேழு மணி நேரம் வரை ஆகும், அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.