கூரை மூலையை அழுத்திப் பாருங்கள்

கேள்வி: ஓய்வு பெற்றபின் ஊர் சுற்றுவதற்காக டீலரிடம் ஒரு பழைய மோட்டார் ஹோம் (கட்டில், அடுப்பெல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) பார்த்து வைத்திருக்கிறோம். உள்ளே புதுசு போல மின்னுகிறது. முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த மினுமினுப்பில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வாங்கிய மூன்றாம் மாதம், கட்டிலுக்கு மேலே கூரையும் சுவரும் சேரும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பலகை நனைந்த அட்டை மாதிரி உள்ளே போனது. இந்த வண்டிகளுக்கு எமன் தண்ணீர்தான். ஜன்னல் ஓரம், கூரைத் திறப்பைச் சுற்றி, அலமாரிக்குள் என எல்லா மூலையையும் அழுத்திப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஈரப்பதம் அளந்த அறிக்கையை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு வண்டி பார்ப்பது நல்லது.

அப்புறம் எடை. அனுமதித்த மொத்த எடையில் வண்டியின் எடை போக மிச்சம்தான் உங்களுக்கும் சாமானுக்கும். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ போய்விடும்.

டயரில் தேய்மானத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரித்தது. நின்றே கிடக்கும் வண்டியில் டயர் தேயாமலேயே கெட்டுப்போகும்.

ஹீட்டர், அடுப்பு, பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் குளிர நேரமாகும், காத்திருங்கள். அதுவரை முன்பணம் வேண்டாம்.