பார்வைக் குறைபாடும் வேலையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வயது 34. கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்று சொல்லிவிட்டார்கள். எக்செல்லை 150 சதவீதம் பெரிதாக்கி இப்போதைக்கு ஓட்டுகிறேன். பார்வை நன்றாகக் குறைந்த பிறகு திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: இப்போதே ஆரம்பியுங்கள். உங்களுக்கு வந்திருப்பதில் பார்வையின் ஓரங்கள்தான் முதலில் சுருங்கும். மிஞ்சுகிற நடுப்பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கினால் அதற்குள் அடங்கும் எழுத்துகள் குறைந்துவிடும். அதனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு பெரிதாக்குவதே வேகத்தைக் கெடுக்கும். திரையில் நடப்பதைக் கண்ணால் சரிபார்த்துக்கொண்டே காதைப் பழக்கும் வசதி இன்று உங்களுக்கு இருக்கிறது. பின்னால் அது இருக்காது.

முதலில் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டப் பழகுங்கள். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கும் அதுதான் இருப்பிடம். பிறகு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை நிறுவுங்கள், அது இலவசம். லேப்டாப் என்றால் கேப்ஸ் லாக்கை அதன் கட்டளை விசையாக வைத்துக்கொள்வது வசதி. கட்டளை விசையோடு 1ஐ அழுத்தினால் உதவி முறை வரும். அதில் எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும், எதையும் செய்துவிடாது. பேச்சை உடனே நிறுத்த கன்ட்ரோல். இதை முதல் நாளே பழகாதவர்கள்தான் 'சத்தம் தாங்கவில்லை' என்று கைவிடுகிறார்கள்.

பேச்சு வேகத்தை வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். என்விடிஏவுடன் வரும் இ-ஸ்பீக் குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் வேகம் கூடும்போது இனிமையான குரல்கள் குழைந்துபோகின்றன, இது தெளிவாகவே நிற்கிறது. தினமும் அரை மணி நேரம் மானிட்டரை அணைத்துவிட்டுப் பயிலுங்கள். மாதக் கடைசிக் கணக்கில் வேண்டாம், பழைய கோப்பு ஒன்றில்.

எக்செல்லில் சறுக்குகிற இடங்கள் உண்டு. கன்ட்ரோலும் கீழ் அம்பும் அடுத்த வெற்றுக் கட்டத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். 40ஆம் வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பட்டியலே அங்கே முடிந்தது என்று நினைத்துக் கூட்டிவிடுவீர்கள். கன்ட்ரோல் எண்ட் அடித்து உண்மையான கடைசி எது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்று கட்டளை விசை, ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பிறகு பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் என்விடிஏ நெடுவரிசையின் தலைப்பையும் சொல்லும். ஒன்றாக்கிய கட்டங்கள் இந்த ஏற்பாட்டைக் குழப்பும், பிரித்துவிடுங்கள். 'சிவப்பில் இருப்பதெல்லாம் பாக்கி' என்கிற வழக்கம் அலுவலகத்தில் இருந்தால், நிலை என்று தனி நெடுவரிசை போடச் சொல்லுங்கள். வடிகட்டுவதற்கும் அது உதவும் என்பதால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு முழுப் பார்வையின்மை. விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டுமா, நேர்முகத்தில் சொன்னால் போதுமா?

பதில்: அந்தப் பணியிடமே மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது என்றால் விண்ணப்பத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றபடி இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது: அழைப்பு வந்த பிறகு, தேர்வுக்கு முன். நேர்முக அறைக்குள் நுழைந்துதான் தெரிய வேண்டும் என்றால், கிடைக்கும் அரை மணியில் பாதி அவர்களுடைய தடுமாற்றத்திலேயே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து இணையவழித் தேர்வு. தேர்வைக் கண்காணிக்கும் மென்பொருள்களில் சில, வேறெந்த நிரலையும் ஓட விடாது. ஸ்கிரீன் ரீடரையும் சேர்த்து முடக்கிவிடும். சில, கண் திரையைப் பார்க்கவில்லை என்பதையே முறைகேடு என்று குறித்துக்கொள்ளும். மவுஸால் இழுத்துப் பொருத்தும் கேள்வியை விசைப்பலகையால் செய்ய வழியே இல்லாமல் போகலாம். கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு இவற்றைக் கண்டுபிடித்து என்ன பயன்?

அழைப்புக்குப் பதில் எழுதும்போது இவ்வளவு போதும்: "நான் ஸ்கிரீன் ரீடர் உதவியுடன் கணினியில் பணிபுரிகிறேன். தேர்வு எந்த மென்பொருளில் நடக்கும், மாதிரித் தேர்வு உண்டா என்று தெரிவித்தால் முன்பே சோதித்துக்கொள்வேன். என் சொந்த லேப்டாப்பைப் பயன்படுத்த அனுமதியும் கூடுதல் நேரமும் தேவைப்படும்." நோயின் பெயர், எப்போது வந்தது என்பதெல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

'எப்படிச் செய்வீர்கள்?' என்ற கேள்வி பலர் மனத்தில் இருக்கும், வாய் விட்டுக் கேட்கத் தயங்குவார்கள். நீங்களே லேப்டாப்பைத் திறந்து இரண்டு நிமிடம் ஒரு மின்னஞ்சலைப் படித்து, பதில் எழுதிக் காட்டுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பேச்சு வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கமான வேகம் அவர்களுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும்.

சுயவிவரக் குறிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டி ஒட்டியதில் ஒரு பத்தி ஓர் எழுத்துருவிலும் அடுத்தது வேறொன்றிலும் இருந்தால் உங்கள் காதுக்குத் தெரியாது, அவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். கட்டளை விசையோடு எஃப் அழுத்தி ஒவ்வொரு பத்தியின் எழுத்துருவையும் அளவையும் கேளுங்கள். கடைசியாகப் பார்வையுள்ள ஒருவரிடம் காட்டி, 'தோற்றம் எப்படி?' என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: குறைபார்வை. திரையைப் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் மேக்னிஃபையரை 4 மடங்கில் வைத்து நாள் முழுதும் வேலை செய்கிறேன். மாலைக்குள் தலை வெடிக்கிறது.

பதில்: 2 மடங்கு பெரிதாக்கினால் திரையின் நான்கில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும். 4 மடங்கில் பதினாறில் ஒன்று. மீதிப் பதினைந்தையும் தேடி மவுஸை உருட்டிக்கொண்டே இருப்பதும், ஓடுகிற படத்தைக் கண் துரத்திக்கொண்டே இருப்பதும்தான் இந்தத் தலைவலிக்குப் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. ஆனாலும் கண் மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

திரையை அருகே கொண்டுவாருங்கள். 50 செ.மீ. தொலைவை 25 ஆக்கினால், திரையில் எதையும் இழக்காமலே எழுத்து இரட்டிப்பாகத் தெரியும். மேசையில் பொருத்தும் மானிட்டர் கை இதற்குத்தான். ஆனால் 25 செ.மீ. தொலைவில் பார்க்கக் கண் 4 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) அளவு குவித்தாக வேண்டும். நாள் முழுக்க அது முடியாது, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அறவே முடியாது. எனவே தொலைவை அளந்து எண்ணாகச் சொல்லி, அந்தத் தொலைவுக்கான கண்ணாடி எழுதி வாங்குங்கள். 'கம்ப்யூட்டர் கண்ணாடி' என்று பொதுவாகக் கேட்டால் 60 செ.மீ. வாக்கில் தெளிவாகத் தெரிகிற ஒன்று கிடைக்கும்.

இணையப் பக்கங்களுக்கு மேக்னிஃபையரே வேண்டாம். பிரவுசரில் கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்திப் பெரிதாக்கினால், ஒழுங்காகக் கட்டிய பக்கத்தில் வரிகள் திரைக்குள்ளேயே மடிந்து வரும். இடவலமாக உருட்ட வேண்டியதில்லை. வெள்ளைப் பின்னணி கூசினால் மேக்னிஃபையர் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றும் சேர்ந்து நிறத்தைத் தலைகீழாக்கும். ஜன்னல் உங்களுக்கு எதிரேயோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கக்கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். இவ்வளவு செய்த பிறகும், நீண்ட அறிக்கைகளைக் காதுக்கு விட்டுவிடுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்கக் கண், படிக்கக் காது. இதைத் தோல்வியாக நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம், வீண் பிடிவாதம் அது.

கேள்வி: தமிழில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு நான் பொருந்துவேனா? ஸ்கிரீன் ரீடர் மட்டுமே துணை.

பதில்: பொருந்துவீர்கள், ஆனால் திரையின் எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக்கித் தரும் பிரெய்ல் காட்சிக் கருவி ஒன்று வேண்டும். குரலை மட்டும் நம்பினால் மரம், மறம், வேலை, வேளை, ஊன், ஊண் போன்ற இணைகளில் மாட்டிக்கொள்வீர்கள். செயற்கைக் குரல்கள் பலவற்றில் இவற்றின் வேறுபாடு தெளிவாகக் கேட்பதில்லை. எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டாலும் சந்தேகம் மிஞ்சும். பிரெய்லில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி அமைப்பு இருப்பதால் விரலுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

பார்வையுள்ள திருத்துநர் தவறவிட்டு, நீங்கள் பிடிக்கக்கூடிய பிழைகளும் உண்டு. ஔவை என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவிடுவார்கள். அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தெழுத்தாகப் போனால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

வேலையை ஏற்கும் முன் கோப்பு யூனிகோடில் வருமா என்று கேளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், திரையில் தமிழாகத் தெரிவது அடியில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான். ஸ்கிரீன் ரீடர் அவற்றை அப்படியே உளறும். மாற்றி நிரலால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். ஆனால் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாகிச் சிதைந்துவிடும், அவற்றைத் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: பிறவியிலேயே பார்வையில்லாத என் மகள் புரோகிராமிங் படிக்க ஆசைப்படுகிறாள். நடக்கிற காரியமா?

பதில்: நடக்கிற காரியம்தான் அம்மா. எமாக்ஸ்பீக் என்ற பேசும் நிரல் சூழலை 1990களில் உருவாக்கிய டி.வி. ராமன் பார்வையற்றவர். என்விடிஏவில் நிறுத்தற்குறி அளவை 'அனைத்தும்' என்று வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடைப்புக்குறிகள் காதில் விழாது. பைத்தான் மொழி என்றால் வரியின் உள்தள்ளலை, அதாவது தொடக்கத்தில் விடும் இடைவெளியை, சொல்லும் அமைப்பையும் இயக்க வேண்டும். அதை ஒலிச் சுருதியாகவும் கேட்கலாம், பேச்சைவிட அது வேகம்.

கேள்வி: அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியே வேலை. உள்ளே நுழைந்ததும் ஸ்கிரீன் ரீடர் ஊமையாகிவிடுகிறது. காணொளிக் கூட்டத்தில் யாராவது திரையைப் பகிர்ந்தாலும் இதே கதைதான்.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உங்கள் கணினிக்கு வந்து சேர்வது படம் மட்டும்தான், எழுத்து அல்ல. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, அந்தப் பக்கத்துக் கணினியிலேயே ஸ்கிரீன் ரீடரை நிறுவி, ஒலியை உங்கள் பக்கம் திருப்பிவிடும் அமைப்பைத் தொழில்நுட்பப் பிரிவிடம் கேளுங்கள். பேச்சு சற்றுத் தாமதமாக வரும், வேகமாகத் தட்டினால் பிந்தும். கூட்டத்துக்கு, கோப்பை முன்னதாகவே அனுப்பச் சொல்லி உங்கள் கணினியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கட்டளை விசையோடு ஆர் அழுத்தினால் என்விடிஏ திரைப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். அட்டவணை என்றால் வரிசை கலைந்துதான் வரும்.