பழைய ஸ்டீரியோவைத் தள்ளிவிடாதீர்கள்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் எங்களுடையது பழைய காரை வீடு. அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் இன்றும் பாடுகின்றன. கேசட்டிலிருந்து மாற்றிய காருகுறிச்சியார் நாதஸ்வரம் உட்பட எல்லாப் பாட்டும் மாடியில் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வயர் இழுக்காமல் கீழே கேட்க வேண்டும். கடையில் விசாரித்தால், “பழைய செட்டில் முடியாது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வைஃபை ஹோம் தியேட்டர் வாங்குங்க, நெட் பிளானையும் கூட்டுங்க” என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. முதலில், அந்தச் செட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாகத் துளைகள் இருக்கும். ஆக்ஸ், சிடி, டியூனர் என்று எழுதியதில் எது காலியோ அதில் ஒரு வயர்லெஸ் ரிசீவரைச் சொருகினால் போதும். வருஷக்கணக்கில் தொடாத துளை கறுத்திருக்கும். செட்டை அணைத்துவிட்டு, பின்னைச் சொருகி நாலைந்து தடவை திருகிக் கொடுங்கள்.

போனோ என்று எழுதிய ஜோடியில் மட்டும் சொருகாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயருக்கு உரியது. ஊசியிலிருந்து வரும் சிக்னல் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெரிதாக்கவும் பாஸை ஏற்றவும் உள்ளே தனி சர்க்யூட் இருக்கிறது. ரிசீவர் தருவதோ ஒன்றிரண்டு வோல்ட். அதை அங்கே கொடுத்தால் சத்தம் பிளந்துகொண்டு வரும், வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது. போனோ மட்டும்தான் காலி என்றால் டேப் டெக்கின் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேப்புக்கு இரண்டு ஜோடி இருந்தால் ‘பிளே’ அல்லது ‘இன்’ தான் வேண்டும். ‘ரெக்’ வெளியே போகும் வழி, அதில் சொருகினால் ஒன்றும் கேட்காது. செட் போய்விட்டது என்று பதறிவிடாதீர்கள்.

ரிசீவரில் புளூடூத், வைஃபை என்று இரண்டு வகை. புளூடூத் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். போனைப் பக்கத்தில் வைத்துக் கேட்க அது போதும். ஆனால் வீட்டுக்குள் அது எட்டும் தூரம் ஏறக்குறைய பத்து மீட்டர்தான், உங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி மாடியிலிருந்து வராது. உங்களுக்கு வேண்டியது டிஎல்என்ஏ, அதாவது வீட்டு நெட்வொர்க்கிலேயே ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டு அனுப்பும் வசதியுள்ள வைஃபை ரிசீவர். சில ஆயிரம் ஆகும். கம்ப்யூட்டரில் பாட்டு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால் ஃபைல் அப்படியே கீழே வந்து சேரும். கனத்த சுவரை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைவிட 2.4 தான் நன்றாக ஊடுருவும். ரவுட்டரை மாடிப்படி பக்கம் வையுங்கள், பீரோ மறைவில் வேண்டாம்.

நெட் பிளானைக் கூட்டச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாட்டு உங்கள் வீட்டுக்குள்ளேயே ரவுட்டர் வழியாகப் போகிறது, வெளியே போவதே இல்லை. ரிசீவரை முதலில் அமைக்கும்போது சிலவற்றுக்கு நெட் வேண்டியிருக்கும். அப்புறம் லைன் துண்டித்திருந்தாலும் பாட்டு ஓடும். வீட்டு வைஃபையிலும் சிடி தரத்துக்கே விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும்.

ஹோம் தியேட்டரும் அப்படித்தான். காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் மறைந்தவர். அந்தக் காலப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, இடம் வலம் என்று பிரியாத ஒரே தடம். ஐந்து ஸ்பீக்கர் வைத்தாலும் அதில் இல்லாதது வராது. விலையையும் இறக்குமதி செய்தவர் முகவரியையும் பெட்டியில் அச்சிட விதி இருக்கிறது. பிஎம்பிஓ என்று, கண நேர உச்சத்தை வைத்துப் போடும் கணக்கில், ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்பதை மட்டும் எத்தனை வருஷமானாலும் யாரும் தடுப்பதில்லை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி.

வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் அதையும் காரணம் காட்டிச் செட்டைக் கழிக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் உள்ளே தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகும். தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். தரத்தைக் குறைத்துச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3-யை, தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் ஆக்கித் தருகிறேன் என்பவருக்கும் பணம் கொடுக்காதீர்கள், ஃபைல்தான் பெரிதாகும். கேசட் கைவசம் இருந்தால் அதிலிருந்தே புதிதாக ஃபிளாக்கில் பதிவு செய்யுங்கள்.

கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: டிஎல்என்ஏ உண்டா, சிவப்பு வெள்ளை அவுட்புட் உண்டா? உங்கள் ஃபைல் சிலவற்றைப் பென்டிரைவில் கொண்டுபோய் அங்கேயே ஒரு லேப்டாப்பிலிருந்து ரிசீவருக்கு அனுப்பிப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, பில்லோடு வாங்குங்கள்.