அப்பத்தாவுக்கு ஊசி போட வருகிற டாக்டர்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு டாக்டரே 200 பேருக்கு மேல் கொன்றாராமே, உண்மையா? எங்கள் அப்பத்தா பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள், ஊசி போட டாக்டர் வீட்டுக்கே வருகிறார். இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உண்மைதான் அம்மா. ஹரால்ட் ஷிப்மேன் என்று பெயர், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற சின்ன ஊரில் குடும்ப டாக்டர். கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார், உட்கார்ந்து பேசுவார் என்று ஊரே கொண்டாடிய ஆள். வயதானவர்களை, அதிலும் தனியாக இருந்த பெண்களைப் பார்க்கப் போய் டயமார்ஃபின் ஊசியைப் போட்டுக் கொன்றுவிட்டு, வயோதிகம், மாரடைப்பு என்று இறப்புச் சான்றிதழையும் தானே எழுதிக் கொடுத்திருக்கிறான். டயமார்ஃபின் என்பது புற்றுநோய் வலிக்குக் கொடுக்கிற மருந்து. 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்புறம் நீதிபதி ஜேனட் ஸ்மித் விசாரித்து, 2002-ல் 215 பேர் என்று கணக்குச் சொன்னார். அதில் 171 பேர் பெண்கள். 2004-ல் அவன் சிறையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான், ஏன் செய்தான் என்று கடைசி வரை வாயே திறக்கவில்லை.

மாட்டியது ஒரு உயிலால். 1998 ஜூனில் இறந்துபோன 81 வயது அம்மா, அந்த ஊரின் முன்னாள் மேயர். சொத்தெல்லாம் டாக்டருக்கே என்று, கோணல்மாணலாகத் தட்டச்சு செய்த உயில் ஒன்று வந்தது. அவருடைய மகள் வக்கீல், அம்மா இப்படி எழுதவே மாட்டார் என்று போலீசுக்குப் போனார். நல்லவேளை, புதைத்திருந்தார்கள். தோண்டி எடுத்துப் பார்த்தால் உடம்பில் அதே மருந்து, உயிலை அடித்த தட்டச்சு இயந்திரமோ ஷிப்மேனிடமே இருந்தது. செப்டம்பர் 7-ம் தேதி கைது. இறந்த மற்றவர்களுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்ததாகக் கணினியில் பழைய தேதி போட்டு ஏற்றியிருந்தான், அதை ஏற்றிய உண்மையான நேரமும் உள்ளே பதிவாகியிருந்தது.

கேள்வி: இத்தனை வருஷம் யாருக்குமே சந்தேகம் வரவில்லையா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வந்தது, அதுதான் என் மனசை அறுக்கிறது. இறுதிச்சடங்கு நடத்தித் தரும் குடும்பத்துக்கு முதலில் உறுத்தியது. இந்த டாக்டரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் மட்டும் படுக்கையில் நோயாளியாகக் கிடக்காமல், பகல் உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தார்கள். ஒரு டாக்சிக்காரர், தான் வழக்கமாக ஏற்றிப்போகும் பாட்டிமார் ஒவ்வொருவராக இறந்துபோவதைப் பார்த்துப் பெயர்களைக் குறித்தே வைத்திருந்தார். பக்கத்து கிளினிக் டாக்டர் ஒருவர் 1998 மார்ச்சில் புகாரே சொன்னார். போலீஸ் மேலோட்டமாக விசாரித்து மூடிவிட்டது. 1976-ல் போதை ஊசிக்காகப் பொய்ச் சீட்டு எழுதித் தண்டனை வாங்கியவன் என்பதைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று பேர் செத்தார்கள்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவும் இரண்டாங்கட்டும் தாண்டி உள்ளே ஒரு ஆச்சி விழுந்து கிடந்தால் தெருவுக்குச் சத்தம் கேட்காது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வந்து சேர்ந்ததும் எரித்துவிடுவோம், அப்புறம் தோண்டிப் பார்க்க என்ன இருக்கும்? திண்ணையில் நேற்று வைத்த பால் பாக்கெட் இன்றும் அப்படியே கிடப்பதைப் பால்காரம்மாதான் முதலில் பார்ப்பார். அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறோமா?

தேவகோட்டை வாசகிக்கு ஒன்று: டாக்டரை நிறுத்திவிடாதீர்கள், ஊசி தேவை என்றால் தேவைதான். எந்த மருந்து, எவ்வளவு, எதற்கு என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். ஊசி போடும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். உங்கள் போன் நம்பரைப் பால்காரம்மாவிடமும் பூக்காரம்மாவிடமும் கொடுத்து, எதுவாக இருந்தாலும் நடுராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.