அம்பாசிடர் பிளாக்ல டம்மி மாத்த என்ஜினை இறக்கித்தான் ஆகணுமா?

பழைய பெட்ரோல் அம்பாசிடர், பிளாக் (என்ஜினோட வார்ப்பிரும்பு உடம்பு) பக்கவாட்டுல துருத் தண்ணி வழியுது, மெக்கானிக் டம்மி (பிளாக்ல இருக்கற ஓட்டையை அடைக்கற தகர மூடி) போச்சு என்ஜினை இறக்கணும்கிறார், வீட்லயே பார்க்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. பக்கவாட்டுல இருக்கறதுன்னா முடியும். நானே பண்ணிருக்கேன், ஒரே வண்டியில ரெண்டு தடவை. ஏன் ரெண்டு தடவைங்கறதைத்தான் முக்கியமா சொல்லணும்.

எங்களோடது 84 மாடல் மார்க் 4, 1489 சிசி என்ஜின். பிரிட்டன்ல பிஎம்சிங்கற கார் கம்பெனி காரன் போட்ட பி சீரிஸ் என்ஜின்தான் அது, எம்ஜிஏ 1500 ஸ்போர்ட்ஸ் கார்ல இருந்ததும் இதே குடும்பம், அதனால அந்தக் கார் வச்சிருக்கற வெள்ளைக்காரங்க எழுதி வச்ச குறிப்பெல்லாம் நமக்கும் ஓரளவு உதவும்.

டம்மின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பிளாக்கை வார்க்கும்போது தண்ணி ஓடற பாதைக்காக உள்ள மணல்ல கோர் (அந்த இடத்துல இரும்பு நிரம்பாம இருக்க வைக்கற அச்சு) வைப்பாங்க, கோயம்புத்தூர் பவுண்டரி பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். வார்ப்பு ஆறினதும் அந்த மணலை வெளிய எடுக்க ஓட்டை வேணும், அந்த ஓட்டையை கடைஞ்சு மெல்லிசான தகரக் கிண்ணத்தை அடிச்சு மூடிடறாங்க, அவ்ளோதான். யூடியூப்ல ஃப்ரீஸ் பிளக்னு சொல்லி, தண்ணி உறைஞ்சா இது பிதுங்கி பிளாக்கை காப்பாத்தும்பாங்க. சில சமயம் காப்பாத்தும், சில சமயம் டம்மி அப்படியே இருக்க பிளாக் விரிஞ்சிடும், அதுக்காக வச்சது இல்ல அது. நம்ம ஊர்ல பனி எங்க வரப்போகுது, இங்க டம்மியைக் கொல்றது போர் தண்ணி. வெறும் உப்புத் தண்ணியை வருஷக்கணக்கா ஊத்திட்டே இருந்தா உள்பக்கத்துல இருந்து துரு தின்னுட்டு வரும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், ஒருநாள் ஊசி முனை அளவு ஓட்டை விழும்.

முதல் தடவை கசிஞ்ச ஒண்ணை மட்டும் மாத்தினேன். கடைக்கார அண்ணன் அப்பவே சொன்னார், "தம்பி, எல்லாம் ஒரே வயசு, ஒண்ணு போச்சுன்னா மத்ததும் போகும், செட்டா வாங்கிட்டுப் போ"ன்னு. விக்கறதுக்கு சொல்றார்னு நினைச்சேன். ரெண்டு மாசம் கூட ஆகல, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிட்டு வர்ற வழியில பக்கத்து டம்மி புட்டுக்கிச்சு, டெம்பரேச்சர் முள்ளு ஏறினதை நல்லவேளை பார்த்துட்டேன், ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தோம். அதனால வெளிய தெரியற எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடுங்க, டம்மி விலை பெரிய விஷயமே இல்ல, கிடைச்சா பித்தளையில வாங்குங்க, துருப்பிடிக்காது. சைஸை பழைய டம்மியை வச்சு அளக்காதீங்க, கழட்டும்போதே அது கோணிடும், ஓட்டையை வெர்னியர் (துல்லியமா அளக்கற கருவி) வச்சு அளந்துட்டு கடைக்குப் போங்க.

கழட்டறது: என்ஜின் நல்லா ஆறணும், பேட்டரி கனெக்ஷன் எடுத்துடுங்க, ரேடியேட்டர்லயும் பிளாக்லயும் இருக்கற தண்ணியை இறக்கிடுங்க, சுத்தியல் ஓங்க இடைஞ்சலா இருக்கறதை எல்லாம் கழட்டி வச்சிடுங்க. இதுல சோம்பேறித்தனம் பட்டா கோணலாத்தான் அடிப்பீங்க. டம்மியோட ஒரு ஓரத்துல பஞ்ச் வச்சு தட்டுங்க, நடுவுல இல்ல. ஓரத்துல தட்டினா ஒரு பக்கம் உள்ள போய் எதிர்ப்பக்கம் வெளிய திரும்பும், சட்டிக்கு மூடி கவிழ்ந்த மாதிரி நிக்கும், பிளையர்ல பிடிச்சு இழுத்துடலாம். மொத்தமா உள்ள தள்ளிடாதீங்க. டிரில் போட்டு நெம்பறவங்களும் இருக்காங்க, எனக்கு அது பயம், பின்னாடியே சிலிண்டர் சுவர் நிக்குது.

இப்பதான் எனக்கு நிஜமான அதிர்ச்சி. பின்பக்க டம்மி வெளிய வந்தும் தண்ணி ஒரு சொட்டு வரல. எட்டிப் பார்த்தா உள்ள களிமண்ணு மாதிரி துருச்சேறு, ஸ்க்ரூ டிரைவரை விட்டா அப்படியே நட்டுக்கிட்டு நிக்குது! மூணு வருஷமா வெயில்ல வண்டி சூடாகுதுன்னு ரேடியேட்டரை ரெண்டு தடவை அடைப்பெடுத்து, தெர்மோஸ்டாட்டை பிடுங்கிப் போட்டு என்னென்னவோ பண்ணிட்டிருந்தோம், கடைசி சிலிண்டரைச் சுத்தி தண்ணியே ஓடலன்னா எப்படி ஆறும். கம்பியை வளைச்சு கிளறி, ஹோஸ் வச்சு ஒவ்வொரு ஓட்டை வழியாவும் மாத்தி மாத்தி அடிச்சு, ரெண்டு பக்கெட் சேறு எடுத்தேன். தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும் விடாதீங்க, இந்த ஓட்டை மறுபடி எப்ப திறக்கப் போகுது.

அப்புறம் ஓட்டையோட உள்சுவர். எனக்கு அரை நாள் இதுலயே போச்சு. எமரி ஷீட்டை விரல்ல சுத்தி வட்டமா தேய்க்கணும், உள்ள வெளியன்னு நேர்கோடா இழுத்தா அந்தக் கீறல் வழியாவே தண்ணி கசியும். வெறும் இரும்பு மின்னணும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. சீலன்டை (கசிவை அடைக்கற பசை) சுவர்ல மெல்லிசா ஒரு பூச்சு போதும்.

அடிக்கறதுல ரெண்டு தினுசு இருக்கு. கிண்ண டம்மின்னா திறந்த வாய் வெளிய பார்க்கணும், கிண்ணத்துக்குள்ள லூசா இறங்கற சாக்கெட் ஒண்ணை வச்சு நேரா தட்டணும், விளிம்பு பிளாக் முகத்தை விட துளி உள்ள போனதும் நிறுத்திடுங்க. கோணிச்சுன்னா தட்டி நிமிர்த்தப் பார்க்காதீங்க, பிடுங்கிட்டு புதுசு போடுங்க (எனக்கு ஒண்ணு வீணாச்சு). தட்டு மாதிரி உப்பலா இருக்கற டம்மின்னா உப்பல் வெளிப்பக்கம், நடுவுல ஓங்கி ஒரு அடி, அது சப்பையாகும்போது விளிம்பு விரிஞ்சு கவ்விக்கும். ஆசை தீர அடிச்சு குழியாக்கிட்டா பிடி விட்டுடும்.

ஒரு ராத்திரி காய விட்டுட்டு மறுநாள் கூலன்டும் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரும் (ஆசிட் இல்ல) பாதிக்குப் பாதி கலந்து ஊத்தினேன். போர் தண்ணியை மறுபடி ஊத்தினா இத்தனை வேலையும் வீண்.

உங்க மெக்கானிக் என்ஜினை இறக்கணும்னு சொன்னதையும் தப்புன்னு சொல்லிட முடியாது. பல என்ஜின்ல ஃப்ளைவீலுக்கு (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சுத்தற கனமான சக்கரம்) பின்னாடியும் ஒரு டம்மி ஒளிஞ்சிருக்கும், அது போனா கியர்பாக்ஸையாவது கழட்டாம கை போகாது. ராத்திரி வண்டிக்கு அடியில அட்டையை விரிச்சு வச்சுட்டு காலைல பாருங்க, ஈரம் பெல் ஹவுசிங்குக்கு (ஃப்ளைவீலை மூடியிருக்கற கூடு) நேர் கீழ இருந்தா அவர் சொல்றதுதான் சரி, கிளட்ச் பிளேட்டையும் அப்பவே பார்த்துடச் சொல்லுங்க.